பத்தியம் தப்பியவள்

பான் நாசை
14 ஜனவரி 1996

அன்பு அக்காவுக்கு,

தாலா எழுதுகிறேன். உடம்புக்கு எப்படி இருக்கிறது? சலவைச் சோடா பட்டுப் பொத்துப்போன உன் கை ஆறிவிட்டதா? இங்கே பெரியவர் சிறியவர் எல்லாரும் சுகம்.

மூன்றாம் தேதி எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பெயர் நொய். இரண்டரைக் கிலோ இருக்கிறாள் என்று மருத்துவச்சி சொன்னாள்.

பதினோராம் நாளாக நெருப்புக் கட்டிலில் கிடக்கிறேன். மூங்கில் கட்டிலுக்கு அடியில் கரி கனன்றுகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் காய்ந்ததும் என் மாமியார் பான் அத்தை, "திரும்பிப் படுடி" என்கிறாள். சந்தையில் கோழி சுடுகிறவள்கூட இத்தனை கவனமாகத் திருப்ப மாட்டாள். சாப்பாடு ஒட்டரிசிச் சோறு, உப்பு, இஞ்சி. குடிக்க வேர் போட்ட வெந்நீர். இன்னும் கொஞ்ச நாளில் என்னைக் கருவாட்டோடு சேர்த்துத் தொங்கவிடலாம்.

நீ எழுதும் கடிதத்தை உன் மச்சான் பூன்மி வாசல் ஏணிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்கே உரக்கப் படிக்கிறார். அத்தைக்கு எழுத்துத் தெரியாது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். ஆகவே பார்த்து எழுது. நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. உறையை ஒட்டி, பக்ஸேயிலிருந்து வியந்தியானுக்கு வரும் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

குழந்தை அழகாக இருக்கிறாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உன் தங்கை
தாலா

*

வியந்தியான்
28 ஜனவரி 1996

என் தங்கச்சிக்கும் பொடிசுக்கும் ஆயுசு நூறு!

கடிதம் வந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். என் கை என்றைக்கு ஆறியது, இன்றைக்கு ஆற? விடு. அத்தைக்கும் மச்சானுக்கும் என் வணக்கம். மச்சான், கேட்குதா? வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கும்போது மதுவிருந்து வைக்காதீர்கள்.

தாலா, அத்தை சொல்வதைக் கேள். சூடு பொறுக்கவில்லை என்று இறங்கி ஓடாதே. செதிலில்லாத மீன் வேண்டாம். முக்கியமாக இறைச்சி. எந்த எருமை, யார் வெட்டியது, என்ன நிறம் என்று தெரியாமல் ஒரு துண்டும் அந்த வீட்டு ஏணி ஏறக் கூடாது. வெள்ளெருமை வாடையே பிள்ளை பெற்றவளுக்கு விஷம். சிரிக்காதே. இதை நான் மூன்று முறை சொல்வேன். இறைச்சி பார்த்து. இறைச்சி பார்த்து. இறைச்சி பார்த்து.

நேரில் வர ஆசைதான். லீவு கிடையாது என்கிறார்கள். பிள்ளைக்குச் சட்டை நான்கும் உனக்கு ஒரு பாவாடைத் துணியும் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

சுகமாக இருங்கள்.
மணிவோன்

*

பான் நாசை
25 பிப்ரவரி 1996

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமா? சட்டைகள் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேனாவை எடுத்தால் என்ன எழுத வந்தேன் என்று மறந்துபோகிறது.

என்னைக் கட்டிலிலிருந்து இறக்கி, மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். எனக்குப் பத்தியம் தப்பிவிட்டதாம். சோறு இறங்கவில்லை, குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. குழந்தை மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "என்னத்தடி தின்ன? ஒளிக்காம சொல்லு, அப்பத்தான் மருந்து குடுக்க முடியும்" என்று அத்தை கேட்டாள். எந்தப் பொருளால் தப்பியதோ அதையே சுட்டுக் கரியாக்கிக் குடித்தால்தான் இறங்கும் என்பது உனக்குத் தெரியுமே. ஒன்றும் தின்னவில்லை என்றேன். நம்பவில்லை. பாவம், அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அதனால் மூங்கில் குருத்து தின்றேன் என்றேன். சுட்டு அரைத்துக் கொடுத்தார்கள். இறங்கவில்லை. பிறகு தவளை என்றேன். போன வாரம் பலாக்கொட்டை. மூன்று பொய், மூன்று கிண்ணம் சாம்பல்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். நான் பிறந்து நாற்பதாம் நாள் அம்மா பத்தியம் தப்பிக் காய்ச்சலில் போனாள் என்று சொல்வாய். அந்த நாற்பது நாளில் அம்மா என்னைத் தூக்கினாளா? என்னைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது?

தாலா

*

வியந்தியான்
10 மார்ச் 1996

தங்கச்சிக்கு,

நான் நலம். அத்தை, மச்சான், மச்சான் தங்கை விலாய் எல்லாரும் நலந்தானே?

சோறு இறங்கவில்லை என்றால் கஞ்சியாகக் குடி. பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு. ஊரில் பிள்ளை பெற்றவள் நீ ஒருத்தி மட்டுமா? கையில் தங்கக் கட்டி மாதிரி பிள்ளையை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்த வீட்டில் உன்னை எப்படித் தாங்குகிறார்கள்! கொடுத்து வைத்தவள்.

நீ கேட்டதற்கு எனக்கு எதுவும் நினைவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா நல்லவள்.

மழை வருவதற்குள் கூரையைப் பார்க்கச் சொல். பிள்ளைக்கு முத்தம்.

மணிவோன்

*

பான் நாசை
22 ஏப்ரல் 1996

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

புத்தாண்டு முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் என் தலையில் தண்ணீர் ஊற்றி வாழ்த்தினார்கள். நனைந்தது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

நொய் சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள் என்கிறார்கள். என்னைப் பார்த்தும் சிரிக்கிறாளாம்.

நீ சொன்ன மாதிரி முகத்தைச் சரியாக வைத்துக்கொள்கிறேன்.

தாலா

*

பான் நாசை
6 மே 1996

மதிப்புக்குரிய மணிவோன் அக்காவுக்கு,

வணக்கம். நான் பூன்மி அண்ணனின் தங்கை விலாய். நாம் பார்த்ததில்லை. நான் பிறக்கும் முன்பே நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதாகச் சொல்வார்கள். அண்ணிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று மத்தியானம் சமையலறையில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி தூளியிலிருந்து நொய்யை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "இவள நீயே வச்சுக்கோ விலாய். என்கிட்ட இருந்தா இவளுக்கு ஆகாது. நீ நல்லா பாத்துப்ப" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, "குடுத்தா திருப்பித் தர மாட்டேன், பாத்துக்கோ" என்றேன். அண்ணி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்கு என்னவோ போல் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டே பின்னால் போனேன்.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. குழந்தை வீரிட்டு அழுதாள், அதற்கும் திரும்பவில்லை. நான் குழந்தையோடு தண்ணீரில் இறங்கியதும்தான் பதறிக் கரைக்கு வந்தாள். "துணி அலசிட்டு இருந்தேன்" என்றாள். கையில் துணி இல்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா பூசாரியைக் கூட்டி வந்து, உடம்பைவிட்டு அலையப் போன உயிரைத் திரும்ப அழைத்து, அது போகாமலிருக்க அண்ணியின் மணிக்கட்டில் மறுபடி நூல் கட்டினாள். முழங்கைவரை நூல்தான் இருக்கிறது, அக்கா. அம்மா ஏதோ பயப்படுகிறாள். என்ன என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நேற்றிலிருந்து நான் அண்ணியைவிட்டு நகருவதில்லை.

என் பெயருக்குப் பதில் போடாதீர்கள். எதுவாக இருந்தாலும் ஏணிப்படியில் படித்துவிடுவார்கள்.

விலாய்

*

வியந்தியான்
13 மே 1996

வணக்கத்துக்குரிய பான் அத்தைக்கு,

தாலாவின் அக்கா மணிவோன் உங்கள் பாதம் தொட்டு எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

மச்சான், இதை உரக்கப் படியுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். தாலாவும் கேட்கட்டும்.

இங்கே எங்கள் மருத்துவமனையில் பிம்மசோன் என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார். மாஸ்கோவில் படித்தவர். மனசு சம்பந்தமான நோய்க்குப் பார்க்கிறார். வெள்ளை அங்கியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அவரிடம் நின்றேன். தங்கச்சிக்கு இப்படி என்றேன். சோறு இறங்குவதில்லை, தூக்கமில்லை, மறதி, பிள்ளையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறாள், ஆற்றுக்குப் போய் நின்றாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

அத்தை, இது வயிற்றில் வந்த நோய் இல்லையாம். மூளையில் வந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பெண்ணின் இரத்தத்தில் சில சுரப்புகள் பல மடங்கு ஏறி நிற்குமாம். பெற்ற இரண்டு மூன்று நாளில் அவை மளமளவென்று இறங்கிவிடும். எல்லாருக்கும் இறங்கும். பெரும்பாலான பெண்களின் மூளை அதைத் தாங்கிக்கொள்கிறது. சிலரால் முடிவதில்லை. மூளையில் பயத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அது, ஆளே வராத வாசலைப் பார்த்து நாள் முழுக்கக் குரைக்கும் நாய் மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளை முகத்தைப் பார்த்ததும் தாய்க்கு உள்ளே குளிரவைக்கிற இடம் இன்னொன்று உண்டு. அது மந்தித்துவிடுகிறது. பிள்ளை சிரிக்கும், இவள் பார்ப்பாள், உள்ளே ஒன்றும் நடக்காது. அப்போது தான் கெட்டவள், தன்னிடம் இருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அவளுக்குத் தோன்றும். "மூளையும் உடம்புதாம்மா. ஈரல் கெட்டா யாராச்சும் வெக்கப்படுவாங்களா?" என்றார் டாக்டர். ஏன் சிலருக்கு மட்டும் என்று கேட்டேன். "முழுசா எங்களுக்கே தெரியாது. தூக்கம் கெடறது ஒண்ணு. குடும்பத்துல முன்னாடி யாருக்காச்சும் வந்திருந்தா அதுவும் ஒண்ணு. உங்க வீட்டுல யாருக்காச்சும்?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் திரும்பப் போய், எங்கள் அம்மாவுக்கு என்று சொன்னேன்.

தாலா, நானும் ஊரும் உனக்குச் சொன்ன மாதிரி அம்மா காய்ச்சலில் போகவில்லை. உனக்கு நாற்பது நாள் ஆனபோது உன்னை என் கையில் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். நான் கரையில் உன்னை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா குளிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நீ கேட்டாயே, அவள் முகம் எப்படி இருந்தது என்று. உன்னைப் பார்க்கும்போதும் என்னைப் பார்க்கும்போதும் ஒரே மாதிரி, சுவரைப் பார்ப்பது போல இருந்தது. உன்னை வெறுத்த முகம் இல்லை அது.

அத்தை, உங்களுக்கு இதெல்லாம் தெரியும். அதற்குப் பத்து நாள் முன்பு ஊர் விருந்திலிருந்து இலையில் இறைச்சி மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அம்மா சாப்பிடவில்லையே என்று கொண்டுவந்தேன். அது வெள்ளெருமை என்றும், அந்த வாடையில்தான் அவளுக்குப் பத்தியம் தப்பி மண்டைக்கு ஏறியது என்றும் ஊரே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதன் பிறகு பிள்ளை பெற்ற எந்த வீட்டு ஏணியிலும் என்னைக் கால்வைக்க விடமாட்டார்கள். பதினாலு வயதில் பஸ் ஏறினேன். லீவு கிடைக்கவில்லை என்று வருஷா வருஷம் எழுதினேனே, அது பொய். லீவு இருக்கிறது. வரத்தான் பயம்.

டாக்டரிடம் இதையும் சொன்னேன். எந்த இறைச்சியும் அப்படிச் செய்யாது என்றார். நம்பலாமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் தாலாவை இங்கே கொண்டுவந்தால் மருந்து உண்டு, குணமாகும் என்கிறார். அதை நம்பித்தான் ஆக வேண்டும்.

வருகிற இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். ஏணி ஏற விடுவீர்களா? வேண்டாம் என்றால் கீழே நிற்கிறேன். அவளை இறக்கி அனுப்புங்கள்.

தாலா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று எழுதினேன் அல்லவா? அந்தக் கையை உடைக்க வேண்டும்.

மணிவோன்

*

பான் நாசை
19 மே 1996

மணிவோன் அக்காவுக்கு விலாய் எழுதுவது. அம்மா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"மணிவோனு, நல்லா இருக்கியா தாயி? என் முழங்காலுக்கு என்ன, அது கெடக்கு.

"நீ எழுதினத பூன்மி பாதியில நிறுத்திட்டான். உள்ளருந்து தாலாதான் 'படிங்க'ன்னா. முடிஞ்சதும் எந்திரிச்சு வெளிய வந்து என் பக்கத்துல உக்காந்தா. 'அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கு'ன்னா. இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தா.

"இப்ப நான் சொல்றதக் கேளு. அன்னைக்கு விருந்துக்கு வெட்டுனது கறுப்பு எருமை. எங்க வீட்டு எருமை அது. என் புருசன்தான் கயிறு புடிச்சாரு. வெள்ளையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வயல்ல நாலு வருசம் உழுத எருமை, எனக்குத் தெரியாதா?

"உங்கம்மா ஆத்துல போனதும் ஊரே பயந்துபோச்சு. புள்ள பெத்தவ தானா போய்ட்டான்னு எப்படிச் சொல்றது? அப்படிப் போனவளுக்கு ஊருல சடங்குகூடச் செய்ய மாட்டாங்க. அதான் பொம்பளைங்க நாங்க நாலு பேரு கூடிப் பேசி, பத்தியம் தப்பிருச்சுன்னோம். எதுலன்னு கேட்டாங்க. நீ எலையில மடிச்சுக் கொண்டாந்தத ஒருத்தி பாத்திருந்தா. வெள்ளெருமைன்னு சொன்னது நான்தான். என் வாயிதான்.

"சின்னப் புள்ளதானே, நாலு நாள்ல மறந்துருவன்னு நெனச்சேன். உன்ன ஏணி ஏற விடாதப்பகூட, சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா உங்கம்மாவுக்குச் செஞ்ச சடங்கெல்லாம் பொய்யாப் போயிருமேன்னு விட்ருவேன். அப்புறம் நீ பஸ் ஏறிட்ட. உன் தங்கச்சிய என் புள்ளைக்குக் கட்டுனதே அந்தக் கடனத் தீக்கத்தான்னு வச்சுக்கோயேன். தீரல. அவளும் ஆத்துக்குப் போய் நின்னப்ப எனக்குக் கை காலு ஓடல. சாம்பலக் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தேன். எனக்கு வேற என்ன தெரியும்?

"வா. ஏணியில ஏறி வா. மொதக் காலு உன்னோடதா இருக்கட்டும். மன்னிச்சிருன்னு இதுல எழுத வேணாம், நேர்ல வரட்டும்னு விலாய்கிட்ட சொல்லிட்டேன்."

அக்கா, அம்மா அழுகிறாள். இதோடு முடிக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

விலாய்

*

வியந்தியான்
7 ஜூலை 1996

அன்பு விலாய்க்கு,

நலமா? அத்தையும் அவரும் நலமா? அக்கா உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். நம் வீட்டு ஏணி ஏறிவிட்டு வந்த பிறகு அவள் தூக்கத்தில் பேசுவதில்லையாம். சலவைக்கூடத்தில் சத்தமாகப் பாடுகிறாளாம். சகிக்கவில்லை என்று மற்றவர்கள் புகார் சொல்கிறார்கள்.

எனக்கு மாத்திரை தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. முதல் மூன்று வாரம் வாய் காய்ந்ததுதான் மிச்சம். "மெதுவாத்தான் வேலை செய்யும், விட்றாதே" என்று டாக்டர் சொல்கிறார். இப்போது தூங்குகிறேன். நேற்று பப்பாளிச் சாலட்டில் உறைப்பு தெரிந்தது. ஆற்றைப் பற்றி நினைக்கிறேனா என்று வாராவாரம் கேட்கிறார். ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வாரம் நினைக்கவில்லை.

நொய்யைப் பற்றி நினைத்தால் மட்டும் இன்னும் ஒன்றும் வருவதில்லை. அதையும் சொன்னேன். கடைசியாகத் திரும்பி வருவது அதுவாகக்கூட இருக்கலாம் என்றார். ஒருவேளை வராமலே போனால்? அவளை உன் மடியில் வைத்துவிட்டு வந்தபோது எனக்குப் பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை.

சாப்பிடுகிறாளா? எழுது.

தாலா

*

பான் நாசை
11 ஆகஸ்ட் 1996

அன்பு அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீங்கள் தூங்குகிறீர்கள் என்று கேட்டு அம்மா கோயிலுக்குப் பூ கொண்டுபோனாள்.

நொய்க்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. கஞ்சியை என் முகத்தில் துப்புகிறாள். அண்ணனின் மூக்கைக் கடித்துவிட்டாள். நன்றாகத் தவழ்கிறாள். ஆளைத் தெரிகிறது. கூப்பிடவும் ஆரம்பித்திருக்கிறாள்.

யாரை, என்ன சொல்லி என்று கேட்காதீர்கள். நீங்கள் வந்ததும் சரியாகிவிடும். நான் தினமும் உங்கள் படத்தைக் காட்டுகிறேன்.

விலாய்

*

பான் நாசை
20 அக்டோபர் 1996

என் அன்பு அக்காவுக்கு,

உன் கையும் உடம்பும் எப்படி? பயணம் நல்லபடி முடிந்தது. மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. இன்னும் ஆறு மாதம் என்று அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அவளே எண்ணி எடுத்துக் கையில் தருகிறாள். சாம்பல் இல்லை, பயப்படாதே.

வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் நாள் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

ஏணியடியில் விலாய் நொய்யை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டினேன். நொய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. சட்டென்று திரும்பி விலாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மே, மே" என்று அழுதாள். அக்கா, அவளை அம்மா என்கிறாள். விலாய் அவசரமாக, "நான் சொல்லிக் குடுக்கல அண்ணி, சத்தியமா சொல்லிக் குடுக்கல" என்றாள். பாவம், தன் கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு என் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவள். அவள் காலில் விழ வேண்டியவள் நான்.

ஆனால் எனக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி வலித்தது. வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போய் ஓவென்று அழுதேன். அவர் ஓடி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மறுபடியுமா தாலா?"

"இல்லங்க. விலாயப் பாத்தா பொறாமையா இருக்கு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரியும்.

இன்னும் நொய் என்னிடம் வருவதில்லை. விலாயின் பாயில்தான் படுக்கிறாள். மத்தியானம் அவர்கள் இருவரும் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறேன். விழித்தால் அழுவாள் என்று மூச்சையும் அடக்கிக்கொள்கிறேன். வலி குறையவே இல்லை. குறைந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

அத்தை உனக்கு மீன் ஊறல் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறாள். டாக்டரம்மாவைப் பார்த்தால், போனது திரும்பி வந்துவிட்டது என்று சொல். அக்கா, எனக்கு என் பிள்ளை வேண்டும்.

உன்
தாலா